ஒரு போத்தல், நான்கு கிளாஸ்

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். தேர்தல், வேலைநிறுத்தம், மண்சரிவு, கலவரம் என்று எழுதாத விடயம் இல்லை. ஆனால் மீன் பிடித்த கதையை மட்டும் ஒரு வரிகூட எழுதியதில்லை. அதற்குக் காரணம் எளிது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தூண்டிலும் கையுமாக மலையகத்து ஓடைகளில் அலைந்த எங்கள் நால்வருக்கும் அகப்பட்ட மீன்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அவற்றுள் ட்ரவுட் மீன் ஒன்றே ஒன்று. அதையும் திருப்பி ஆற்றிலேயே விட்டுவிட்டோம். இப்படிப்பட்டவர்கள் மீன்பிடியைப் பற்றி எழுதினால் அப்புத்தளைச் சந்தையில் மீன் விற்பவர்கூடச் சிரிப்பார்.

இப்போது எழுதுவதும் மீனைப் பற்றி அல்ல. ஒரு போத்தலைப் பற்றி.

நால்வரையும் முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறேன். பெயர்கள் வேண்டாம், நாங்கள் அழைத்துக்கொள்ளும் பட்டங்களே போதும். முதலாமவர் 'சின்னத்துரை'. தோட்டத்துப் பெரிய கிளாக்கரின் மகன். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது வெள்ளைக்காரத் துரைமார் கப்பலேற, வெற்றிடமான பதவிகளுள் ஒன்றில் அமர்ந்து, கடைசிவரை உதவி முகாமையாளராகவே இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாமவர் 'மாஸ்டர்'. லயத்தில் பிறந்து, தோட்டப் பாடசாலையில் படித்து, அதே பாடசாலையில் ஆசிரியராகித் தலைமை ஆசிரியராக விடைபெற்றவர். மூன்றாமவர் 'அதிபர்'. சிங்களவர், ரயில் நிலைய அதிபராக இருந்தவர். எங்கள் நாட்டில் பாடசாலைத் தலைவரையும் அதிபர் என்போம், ஸ்டேஷன்காரரையும் மாஸ்டர் என்போம். ஆகையால் புதியவர்கள் இவர்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் புரிந்துகொண்டு படும் அவதி எங்களுக்குத் தீராத வேடிக்கை. நான்காவது ஆள் அடியேன்.

இந்தக் கூட்டத்துக்கு வித்திட்டது ஒரு தூண்டில் கோல். சின்னத்துரைக்கு வேலை பழக்கிய வெள்ளைக்காரப் பெரியதுரை ஊர் திரும்பும்போது, பிளந்த மூங்கிலை ஒட்டிச் செய்த அந்தக் கோலை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். இது மண்புழு குத்திக் கரையில் குந்தியிருக்கும் தூண்டில் அல்ல. ஈயைப் போலச் செய்த பொய்யிரையை நீர்ப்பரப்பில் இறக்கிவைக்கும் வித்தை. சாதாரணத் தூண்டிலில் கனம் இருப்பது ஈயக் குண்டில். அதை எறிந்தால் நூல் பின்னே போகும். இதிலே கனம் நூலிலேயே இருக்கிறது. கோலை முன்னும் பின்னும் வீச, கனத்த நூல் காற்றில் வளைந்து விரிந்து, கனமே இல்லாத ஈயைச் சுமந்துபோய் நீரின்மேல் வைக்கும். பின்னால் நூல் முழுதாக நீளும்வரை பொறுத்திருக்க வேண்டும். பொறுக்காதவனின் ஈ தேயிலைச் செடியில் மாட்டும். என்னுடையது பெரும்பாலும் செடியில்தான்.

இரைக்கான ஈயைக் கட்டுவதும் ஒரு கைவேலை. கொக்கியின் தண்டில் பட்டு நூலைச் சுற்றி, சேவலின் கழுத்து இறகை வரிந்து முடிய வேண்டும். ஒருகாலத்தில் நம் தென்னிந்திய மலைக்காடுகளின் காட்டுச் சேவல் கழுத்திறகுக்குப் பிரித்தானியத் தூண்டில்காரரிடையே பெரும் மவுசு இருந்தது. ஸ்கொட்லாந்து ஆறுகளின் சால்மன் மீனை ஏமாற்ற நம்மூர்ச் சேவலின் இறகு கப்பலேறியது. அங்கிருந்து மறுவழியாக ட்ரவுட் மீனின் முட்டைகள் பனிக்கட்டியில் பொதிந்து இங்கே வந்தன. 19ஆம் நூற்றாண்டின் கடைசி இருபது ஆண்டுகளில் நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளில் அந்தக் குஞ்சுகளை விட்டார்கள். நீலகிரியின் அவலாஞ்சியிலும் மூணாறின் மலைகளிலும் இதே கதைதான். துரைமாருக்குப் பொழுது போக வேண்டும். அதற்கு ஊர் ஞாபகமூட்டும் ஒரு மீன் வேண்டும். அந்த மீன்கூடையை அவர்கள் பின்னால் சுமந்து நடந்தவர்கள் எங்கள் தாத்தாமார்.

நாங்கள் முதல் பயணம் போனது 1997 பெப்ரவரியில். ஊவாப் பக்கம் மார்கழி மழை ஓய்ந்து வானம் வெளிக்கும் மாதம் அது. அப்புத்தளை ஒரு மலைமுதுகில் குந்தியிருக்கும் ஊர். தெற்கே சரிவு ஒரேயடியாக விழுந்து, கண்ணுக்கெட்டிய தூரம்வரை தாழ்நிலம் கிடக்கும். மத்தியானம் ஆனதும் அந்தப் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவந்து பஜாரை விழுங்கிவிடும். விடியற்காலையில் நிலையத்துக்குப் போய், அதிபரின் பழைய சகாக்கள் ஊற்றித் தரும் பிளேன்டீயைக் குடித்துவிட்டு, இதல்கஸ்ஹின்ன தாண்டி, சுரங்கங்களுக்குள் புகுந்து புறப்பட்டு ஒஹியவில் இறங்குவோம். ஹோர்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாகிவிட்டது; அங்கே தூண்டிலோடு போவதை நாங்கள் நினைத்ததும் இல்லை. பூங்காவின் எல்லைக்கு வெளியே, ஒரு தோட்டத்துக்குள் இறங்கி ஓடும் ஓடைதான் எங்கள் சாம்ராச்சியம். தோட்டத்து முகாமையாளர் சின்னத்துரையிடம் வேலை பழகியவர் என்பதால் அனுமதிக்குக் குறைவில்லை.

அதிபர் தூண்டிலைத் தொடமாட்டார். பௌத்தர், உயிர்க்கொலை ஆகாது. "நீங்க பிடிங்க. நான் பார்க்கிறது. பிடிச்சா விடணும்" என்பது அவருடைய நிபந்தனை. மீனை விடலாமா என்பதில் எங்களுக்குள் ஒரு பெரிய வழக்கே நடந்ததுண்டு. ட்ரவுட் இந்த மண்ணின் மீனல்ல. ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளுக்கே உரிய ஒரு சின்னஞ்சிறு இறால் இருக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லை. அதற்கு இந்த அந்நிய மீன் எமன் என்பது உயிரியலாளர் கவலை. பத்திரிகைக்காரன் புத்தியில் இதை நான் எடுத்துச் சொன்னபோது மாஸ்டர் கோலைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏங்க, நம்மளையும் அப்படித்தானே சொன்னாங்க? வெள்ளைக்காரன் கொண்டாந்து விட்டது, இந்த மண்ணோடது இல்லன்னு."

1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய இலட்சக்கணக்கானோரில் மாஸ்டரின் தந்தையும் ஒருவர். எஞ்சியிருந்தவர்களின் குறை சட்டப்படி தீர்ந்தது 2003இல்தான். அதற்கு நான் சொன்ன மறுமொழி இன்றும் சரியென்றே நினைக்கிறேன்: மீன் வேடிக்கைக்காக வந்தது, நாம் வேலைக்காக வந்தோம், மீன் தின்று தீர்க்கிறது, நாம் காட்டை வெட்டித் தோட்டமாக்கி ஊரையே ஊட்டினோம். உவமை பொருந்தாது. ஆனால் மாஸ்டர் முகத்தைப் பார்த்த பிறகு அன்று அகப்பட்ட அந்த ஒரே ட்ரவுட்டைக் கொல்ல எவருக்கும் கை வரவில்லை. இறாலுக்கு நாங்கள் செய்த துரோகம் அது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிற்க. போத்தலுக்கு வருகிறேன்.

முதற்பயணத்தின்போதே மாஸ்டர் ஒரு சட்டம் போட்டார். நாள் முழுவதற்கும் ஒரே ஒரு போத்தல் ஸ்டவுட். போய்ச் சேர்ந்ததும் அதைச் சணல் கயிற்றில் கட்டி ஓடையில் இறக்கிவிட வேண்டும். நான்கு மணி ரயிலுக்குப் புறப்படுமுன் எடுத்துத் திறந்து, நான்கு கிளாஸில் ஊற்றிச் சமமாகப் பங்கிட வேண்டும். மீன் பிடித்தவனுக்குக் கூடுதல் இல்லை; பிடிக்காதவனுக்குக் குறைவும் இல்லை. 625 மில்லிலீற்றர் போத்தலில் ஆளுக்கு ஏறத்தாழ நூற்றைம்பது. அதற்கு மேல் ஒரு சொட்டும் கிடையாது. மாஸ்டரின் தந்தை கவ்வாத்து வெட்டுவதில் சூரர். கசிப்புக் குடித்தே நாற்பத்திரண்டு வயதில் போனவர். சம்பள நாளன்று பிரட்டுக்களத்திலிருந்து தவறணை வழியாக வீடு திரும்பிய தகப்பனைத் தேடி லாம்பும் கையுமாக நடந்த பிள்ளை போட்ட சட்டம் அது. யாரும் மறுக்கவில்லை.

அந்த ஸ்டவுட்டுக்கும் ஒரு வரலாறு உண்டு. பின்னாளில் ஆபிரிக்காவில் ஆல்பர்ட் ஏரியைக் கண்டு சொன்ன சாமுவேல் பேக்கர், அதற்கு முன்னே நுவரெலியாவில் பண்ணை வைத்திருந்தார். 1849இல் அங்கே பியர் வடிக்கத் தொடங்கியவர் அவர்தான். 1881இல் அது முறையான வடிசாலைக் கம்பனியாயிற்று. மலைக்குளிரும் மலைநீரும் வாய்த்த அந்த இடத்திலிருந்து வந்த லயன் ஸ்டவுட், எண்ணெய்க் கறுப்பில், சுட்ட கருப்பட்டி வாசனையோடு, ஏறக்குறைய ஒன்பது வீதம் மதுசாரத்தோடு இருக்கும். மைக்கல் ஜாக்சன் என்று ஓர் ஆங்கிலேயர். பாடகரல்ல, உலகத்துப் பியர்களையெல்லாம் சுவைத்து எழுதியே புகழ்பெற்றவர். நுவரெலியாவுக்கே ஏறிவந்து இதைப் புகழ்ந்து எழுதினார். இலண்டனில் இருந்த உறவினர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, "நம்மூர்ச் சரக்கா இது!" என்று என்னைத் தொலைபேசியில் கேட்டது நினைவிருக்கிறது. இதற்குப் போட்டியாக 'சாண்டோ' என்றொரு ஸ்டவுட்டும் இருந்தது. யூஜின் சாண்டோ என்ற பயில்வானின் பெயர் அது. சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டதும் அதே சாண்டோதான். போத்தலைக் கண்டால் சின்னத்துரை புஜத்தை மடக்கிக் காட்டுவார்.

பிறகு தொண்ணூறுகளின் முடிவில் லயன் வடிசாலை மலையிறங்கிக் கொழும்புக்கருகே பியகமவுக்குப் போய்விட்டது. 2016 மே மாதப் பெருவெள்ளத்தில் களனி கங்கை புகுந்து அந்தத் தொழிற்சாலை மாதக்கணக்கில் முடங்கியதை வாசகர்கள் அறிந்திருப்பீர்கள். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் நீர்பிடிக்கும் மேட்டுநிலம் ஹோர்ட்டன் சமவெளிப் பகுதிதான். "மலைய விட்டுப் போனதுக்கு மலைத்தண்ணியே தேடிப் போய் அடிச்சிருக்கு" என்றார் மாஸ்டர். அதைச் சொன்னபோது அவரது வாயிலிருந்து வந்த வாடையை மூவருமே உணர்ந்தோம். காலை எட்டு மணி.

கடினமான பகுதி இதுதான். சொல்லிவிடுகிறேன்.

மாஸ்டரின் துணைவியார் 2012இல் காலமானார். பிள்ளைகள் கொழும்பில். ஓய்வூதியமும் ஒரு சிறு வீடும் நீண்ட மாலைகளும் அவருக்கு மிஞ்சின. மறு வருடப் பயணத்தில் ஈ கட்டும்போது விரல்கள் நடுங்கின. வயது என்றோம். அதற்கடுத்த வருடம் காலையில் நடுங்கிய கை, புதருக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டு வந்ததும் நேராயிற்று. அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தோட்டத்துக் குடியைப் பற்றி வாரக்கணக்கில் தொடர் எழுதியவன் நான். வைத்தியர்களைக் கண்டு பேசியவன். காலை நடுக்கம் மதுவால் அடங்குமானால் உடல் மதுவுக்கு அடிமையாகிவிட்டது என்று எழுதியதே நான்தான். அந்தத் தொடரில் பெயர் குறிப்பிடாமல், 'ஓர் ஆசிரியர்' என்று நான் மேற்கோள் காட்டியதும் இதே மாஸ்டரைத்தான்.

ஆனாலும் கேட்கவில்லை. மரியாதை என்று சொல்லிக்கொண்டேன். சட்டம் போட்டவரையே எப்படிக் கேட்பது? நான்கு மணிக்குப் போத்தலைத் திறந்து, நான்கு கிளாஸையும் கண்மட்டத்துக்குத் தூக்கி, ஒரு விரற்கடை பிசகாமல் ஊற்றுவார். நாங்கள் மூவரும் அந்த அளவைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருப்போம். ஐந்து வருடம் அந்த நாடகம் நடந்தது.

2018 பெப்ரவரியில் ஓடைப் பாறையில் வழுக்கி விழுந்தார். நெற்றி பிளந்து இரத்தம். தோட்டத்து லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இளம் டொக்டர் ஒருவர் காயத்தைத் தைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"குடிப்பாரா? எவ்வளவு காலமா?"

"தெரியாது" என்றேன்.

இதை எழுதும்போதும் கூசுகிறது. நாற்பது வருடம் மற்றவர்களிடம் உண்மையைக் கேட்டுப் பிழைத்தவன், ஓர் உயிர் சம்பந்தப்பட்ட கேள்விக்குச் சொன்ன பதில் அது. நோயாளியின் மானம் என்று அந்தக் கணத்தில் தோன்றியது. காப்பாற்றியது என் சௌகரியத்தைத்தான்.

அதிபர் முன்னே வந்தார். அவருடைய தமிழ் எப்போதும் தண்டவாளம் மாறும் வண்டி போலத் தடதடக்கும். அன்று தடங்கலே இல்லை.

"அஞ்சு வருஷம் டொக்டர். காலையிலேயும் குடிக்கிறது. நாங்க எல்லாருக்கும் தெரியும்."

டொக்டர் தலையசைத்தார். வார்டில் படுத்து திடீரென்று குடி நின்றுபோனால் இரண்டாம் மூன்றாம் நாளில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்; தெரிந்திருந்தால்தான் முன்கூட்டி மருந்து கொடுக்க முடியும் என்று விளக்கினார். அதுவும் என் தொடரில் நான் எழுதியிருந்ததுதான்.

அதிபரின் அந்த ஒரு வாக்கியம் மாஸ்டரைக் காப்பாற்றியது. அதன் பிறகு மகள் வந்து கொழும்புக்கு அழைத்துப் போனாள். சிகிச்சை, நடுவே ஒரு சறுக்கல், மீண்டும் சிகிச்சை. அதிபர் மாதம் ஒருமுறை ரயிலேறிப் போய்ப் பார்த்துவந்தார். சின்னத்துரை ஞாயிறுதோறும் தொலைபேசி எடுப்பார். நான் இரண்டு முறை போனேன். கிரிக்கெட்டைப் பற்றிப் பேசிவிட்டு வந்தேன்.

2019இல் பயணம் இல்லை. அடுத்து கொரோனா. அதன் பின்னால் 2022இன் எரிபொருள் வரிசைகள். 2023 பெப்ரவரியில்தான் நால்வரும் மறுபடி அப்புத்தளை நிலையத்தில் நின்றோம். மாஸ்டர் மெலிந்திருந்தார். நெற்றியில் தழும்பு. கையில் ஒரு துணிப்பை.

நாங்கள் மூவரும் முன்னிரவே பேசி வைத்திருந்தோம்: போத்தல் என்ற பேச்சே வேண்டாம். ஒஹியவில் இறங்கி ஓடைக்குப் போனதும் மாஸ்டர் பைக்குள் கைவிட்டார். சணல் கயிறு வந்தது. பின்னால் ஒரு போத்தல் வந்தது. சின்னத்துரையின் முகம் வெளிறிவிட்டது.

ஜிஞ்சர் பியர்.

"என்னா பாக்குறீங்க? சட்டம் சட்டந்தான். ஒரு போத்தல், நாலு கிளாஸ்" என்று சொல்லி, கயிற்றைக் கட்டி ஓடையில் இறக்கினார்.

அன்றும் மீன் இல்லை. வெயில் தணிந்த நேரத்தில் என் ஈ வழக்கம்போலத் தேயிலைச் செடியில் மாட்டிக்கொள்ள, அதை விடுவிக்க மாஸ்டர் வந்தார். இருவரும் குனிந்து நின்றபோது, நான்கைந்து வருடங்களாகத் தொண்டையில் கிடந்ததைச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்பதை.

"தெரியும். அதிபர் சொன்னாரு" என்றார். கொக்கியிலேயே கண். விரல்கள் நடுங்கவில்லை. "நீங்க எழுதின அந்தத் தொடர வெட்டி ஒட்டி வச்சிருக்கேங்க. நல்லா எழுதியிருந்தீங்க. ராவுல அத எடுத்துப் படிச்சிட்டுத்தான் குடிப்பேன். ஒரு தடவ வந்து, 'என்னா மாஸ்டர் இது?'ன்னு கேட்டிருக்கலாம்."

"கேட்டா நிறுத்தியிருப்பீங்களா?"

சற்று யோசித்தார்.

"மாட்டேன். கோவிச்சுக்கிட்டிருப்பேன். ஆனா கேட்டிருக்கலாம்."

ஈ விடுபட்டது. என் உள்ளங்கையில் வைத்துவிட்டு நடந்தார்.

நான்கு மணிக்குப் போத்தல் திறந்தது. கிளாஸ்களை அதே கண்மட்டத்துக்குத் தூக்கி அதே கணக்கில் ஊற்றினார். அதிபர் ஒரே மடக்கில் குடித்தார். இனிப்புக் கூடிப்போச்சு என்று சின்னத்துரை குறைப்பட்டார். சர்க்கரை வியாதிக்காரர், அவர் பங்கில் பாதியை நான் குடிக்க நேர்ந்தது. இருபத்தாறு வருடங்களில் அந்தச் சட்டம் மீறப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

இதை எழுத வேண்டும் என்று கேட்டவர் மாஸ்டர். பெயர் போடக் கூடாது என்றும், அதிபர் சொன்னதை விட்டுவிடக் கூடாது என்றும் இரண்டு நிபந்தனைகள் வைத்தார். இரண்டையும் காப்பாற்றியிருக்கிறேன். கனடாவிலோ நோர்வேயிலோ மலேசியாவிலோ இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கும், காலையில் கைநடுங்கும் ஒரு நண்பர் இருக்கக்கூடும். அவர் கோபித்துக்கொள்வார். பரவாயில்லை, கேளுங்கள். ஒரு கட்டுரையை எழுதி அவர் பார்வையில் படும்படி வைப்பது போதாது. அதைச் செய்து பார்த்தவன் சொல்கிறேன்.